முன்கண்ணாடிக்கு மேல் ஒரு பெயர்

1

இதைக் கட்டுரையாகத்தான் தொடங்கினேன். நம்மிடம் லாரி, அமெரிக்காவில் டிரக், ஆஸ்திரேலியாவில் பல பெட்டிகளைக் கோத்து இழுத்தால் சாலை ரயில், குரோஷியாவில் கமியோன். அந்தக் கடைசிச் சொல்லை எனக்குச் சொன்னவள் மருதம்மாள். அதோடு கட்டுரை கெட்டது.

2

முருகவேல் விமானம் ஏறிய அன்று மழை— (பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.)

பிரிவு என்பது ஒரு நீண்ட நெடுஞ்சாலை— (சீ.)

நடந்ததையே சொல்கிறேன். அவிநாசிபாளையத்தில் லாரிகளுக்குப் பெயர் எழுதுவது என் பிழைப்பு; கதை எழுதுவது வேலையில்லாத நேரத்து வியாதி. முருகவேல் சாயப்பட்டறையிலிருந்து பனியன் கம்பெனிகளுக்குத் துணி ஏற்றியவன். அவன் லாரியின் முன்கண்ணாடிக்கு மேல் மனைவி மருதம்மாளின் பெயரை நான்தான் எழுதினேன். குரோஷியாவுக்கு டிரைவராகப் போவதற்காக லாரியை ராசப்பனுக்கு விற்றான். இன்று காலை ராசப்பன் அதை என் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இதை அழிச்சுப்போட்டு என்ற பொண்ணு பேரு எழுதீருங்க. கிருத்திகா."

3

எதிரே உள்ள பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் மருதம்மாள், டீ நேரத்தில் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஏனுங்க, அழிக்கப் போறீங்களா?"

"வண்டி இப்ப ராசப்பனுதுங்களே."

"அங்க எங்க ஊட்டுக்காரரு ஓட்டற வண்டில ஆரு பேருன்னு கேட்டனுங்க. நம்பர் மட்டுந்தான்னாரு. இப்பப் போன் பண்றதும் கொறஞ்சுபோச்சுங்க. ஊட்டுல என்னையப் பேரு சொல்லிக் கூப்புட ஆளில்லீங்க. ரோட்டுல இந்த வண்டி போனா, ஆரோ கூப்புட்ட மாதிரி இருக்குமுங்க."

[இந்த இடத்தில் அவளை அழவைத்திருந்தேன். அவள் அழவில்லை. அழுதவன்— அதை விடுங்கள்.]

4

முடிவுகள். முருகவேல் திரும்பி வந்து லாரியை மீட்கிறான்: எழுதிப் பார்த்தேன், எனக்கே நம்பிக்கை வரவில்லை. ராசப்பனை வில்லனாக்கலாம், பாவம், மகள்மேல் ஆசை வைத்த அப்பன். இரண்டு பெயரும் இருக்கட்டுமே என்று அவரிடமே கேட்டும் பார்த்தேன்.

"அடுத்தவரு சம்சாரம் பேரைப் போட்டுட்டு நான் எப்படீங்க ஓட்டறது?"

நியாயம்தான்.

தின்னரில் நனைத்த துணி என் கையில் இருக்கிறது. என்னையும் பெயர் சொல்லிக் கூப்பிட யாருமில்லை. அது எப்படி இருக்கும் என்று தெரிந்ததால் கை ஓட மறுக்கிறது. நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஊர் ஒன்றுக்கு இரண்டாகப் பேசும். நீங்கள் எங்கோ உட்கார்ந்து படிப்பவர், உங்களை யாரும் கேட்கப்போவதில்லை. அவள் இன்னும் பட்டறை வாசலில்தான் நிற்கிறாள்.

நான் துடைப்பதற்குள், ஒரே ஒரு முறை, அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள்.