அங்கேயும் அவர் இருப்பாரா

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவர் போதகர். அடக்கம் முடிந்த கையோடு, சபைப் பத்திரிகைக்கு அக்காவைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார். "விசுவாசத்தோட போனாங்க. அதை எழுதுங்க தங்கச்சி."

எழுதினேன்: 'உயிர்த்தெழும் நாளில் என் அக்கா மகிமையின் சரீரத்தோடு

(இங்கே பேனா நின்றுவிட்டது. பழைய சரீரத்தை முதலில் சொல்ல வேண்டும்.)

2

அக்கா சீருடை தைக்கும் கம்பெனியில் பொத்தான் துளை போட்டவள். இடது முழங்கை நிமிராது. அத்தான் குடித்த காலத்தில் முறுக்கி உடைத்தது. மடங்கிய கையாலேயே துணியை அழுத்திப் பிடித்து வேலையை ஓட்டினாள். பிறகு அத்தான் மனந்திரும்பினார். ஞானஸ்நானம் எடுத்தார். சபையில் மூப்பரானார்.

(குடியை விட்டது உண்மை. அதன்பின் கை நீட்டியதே இல்லை. அவரை முழுக்கக் கெட்டவராக எழுதினால் எனக்குச் சுலபம். மனிதர் இடம் கொடுக்கவில்லை.)

3

ஆஸ்பத்திரியில், கடைசி நாட்களில், போதகர் அக்காவுக்கு ஆறுதல் சொன்னார். "அங்க வலி இல்ல, கண்ணீர் இல்ல. இந்தக் கையும் புதுசாயிடும்மா."

"அவரும் இருப்பாராய்யா?" என்றாள் அக்கா.

"கண்டிப்பா. அவரும் மாறியிருப்பார், நீங்களும் மாறியிருப்பீங்க."

"என் கோவம்?"

"அதெல்லாம் இருக்காதும்மா."

அக்கா மடங்கிய கையைப் பார்த்தாள். "கையைச் சரிபண்ணி, கோவத்தையும் எடுத்துட்டா, அங்க வந்து நிக்கிறது யாருய்யா?"

போதகர் ஜெபிக்கலாம் என்றார்.

4

மறுநாள் அத்தான் கரண்டியில் தண்ணீர் கொடுத்தார். அக்கா குடித்தாள். சாயங்காலம் போய்விட்டாள். "என் கையால குடிச்சா. என்னை மன்னிச்சிட்டா" என்று அடக்க ஆராதனையில் அவர் அழுதார். சபை ஆமென் என்றது.

அவர் கட்டிலுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம் நின்றேன். அவளுக்கு உதடு வறண்டிருந்தது. கொடுத்தது யார் என்று கண்ணைத் திறந்து பார்க்கவில்லை.

5

(மன்னித்தாள் என்று முடித்தால் பத்திரிகை போடும். மன்னிக்கவில்லை என்றால் என் மனம் ஆறும். இரண்டையும் எழுதி, இரண்டையும் அடித்தேன்.)

இதுவரை எழுதியதை அத்தானிடமே கொடுத்தேன். கையைப் பற்றி எழுதிய இடத்தில் வெகுநேரம் நின்றார். மறுக்கவில்லை. கடைசியில் தாளை மடித்துத் தந்தார்.

"கண்ணைத் திறந்தாம்மா. முகம் என் பக்கம் திரும்பியிருந்துச்சு. நீ அந்தப் பக்கம் நின்ன, உனக்குத் தெரியல."

"திறந்து?"

"என்னைப் பாத்தா. பாத்துட்டுத்தான் குடிச்சா."

"எப்படிப் பாத்தா?"

அவர் எழுந்து போனார்.

........................

அந்தப் பார்வைக்கு ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். என்ன எழுதினீர்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.