சிலுவார் போட்டவள்

அட்டை கடித்த இடம் சீழ் வைத்து நீலாவதியின் கால் வீங்கிப் போனது. தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்துவிட்டு வந்தவள், மறுநாள் காலை புருஷன் கந்தசாமியின் பழைய சிலுவாரை, ஆண்கள் போடும் முழுக்கால்சட்டையை, எடுத்து மாட்டி, கால் முனைகளைச் சணலால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கக் கிளம்பினாள். அது 1976. அந்தத் தேயிலைத் தோட்டத்தில் எந்தப் பெண்ணும் அதுவரை சிலுவார் போட்டதில்லை. கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டுதான் ஈரச் செடிகளுக்குள் இறங்குவார்கள்.

காலையில் ஆள் எண்ணிக்கொண்டிருந்த கங்காணி செல்லையா அவளைப் பார்த்ததும் எண்ணுவதை நிறுத்தினார்.

"என்னா கந்தசாமி, ஒம் பொண்டாட்டி சிலுவார் போட்டா நீ சேலை கட்டிக்கிறியா?"

கூட்டம் சிரித்தது. பெண்களும்தான் சிரித்தார்கள். கந்தசாமி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். வீட்டிலும் பல நாள் அவளோடு பேசவில்லை. தொடை தெரியத் துணியைச் செருகினால் போகாத மானம், முழுக்காலையும் மூடினால் போய்விடுமா? சணலை இறுக்கிக் கட்டும்போதெல்லாம் நீலாவதி இதையே கேட்டுக்கொண்டாள்.

அந்த வருட மாரியம்மன் திருவிழாவுக்குச் சேலை கட்டிப் பொங்கல் பானையோடு போனாள். செல்லையா வாசலிலேயே மறித்தார். கோயில் தலைவரும் அவர்தான்.

"ஆம்பள வேஷம் போடுறவ ஆத்தா முன்னுக்குப் பானை வைக்கக் கூடாது. கமிட்டி முடிவு."

அரிசியும் வெல்லமுமாகத் திரும்பி வந்தாள். ஏன் என்று ஒரு வாய் கேட்கவில்லை.

சிலுவாரை அவள் விடவில்லை. மழைக்காலத்தில், பக்கத்தில் பறிக்கும் வேலாயி தன் காலில் வழிந்த ரத்தத்தையும் நீலாவதியின் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுத்த வாரம் அவளும் ஒன்று போட்டு வந்தாள். அப்புறம் இன்னும் சிலர். கம்போங் ராஜா டவுன் கடையில் புதிதாகவே வாங்கினார்கள். சிரித்தவர்களுக்குத் துணைக்குச் சிரிக்க ஆள் குறைந்தது. செல்லையாவின் மகள் அம்சவல்லியே போட்டு வந்தபோது அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

பிறகு ஒருநாள் தோட்டத்தை நடத்தும் பெரிய துரை மலையைச் சுற்றிப் பார்க்க வந்து, "நல்ல உடுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், அன்றிலிருந்து அது கங்காணியின் யோசனை ஆகிவிட்டது!

அடுத்த திருவிழாவில் செல்லையா மைக்கைப் பிடித்தார். "நம்ம பொம்பளைங்க எப்பவுமே முன்னேத்தமானவங்க. நாங்க தடுத்ததே இல்ல. நீலாவதி, மொதப் பானைய நீ வையிம்மா."

நீலாவதி பானையை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. "தடுத்ததே இல்லையா? இதே வாசல்ல என்னைய மறிச்சது யாரு?"

"பழசெல்லாம் இப்ப எதுக்கு லா..."

"என் காலு சீழ் புடிச்சப்ப யாருக்கும் புரியல. துரை சொன்னதும் புரிஞ்சிருச்சா? அன்னிக்கிச் செஞ்சது தப்புன்னு சொல்லுங்க, வைக்கிறேன்."

அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "தப்புதாம்மா."

"மைக்குல சொல்லுங்க."

வேலாயி தன் பானையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். பக்கத்தில் நின்றவளும் இறக்கினாள். அம்சவல்லியும் இறக்கினாள். "சொல்லுங்க கங்காணி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கத்தியது. கந்தசாமி.

"அன்னிக்கி நாங்க செஞ்சது தப்பு." ஒலிபெருக்கி அதை லயத்து வீடுகள் வரைக்கும் கொண்டு போனது.

நீலாவதி அடுப்பை மூட்டினாள். கோபம் தீரவில்லை, விறகை வெடுக்கென்று உள்ளே தள்ளினாள். வேலாயி பக்கத்தில் குந்தி, "நல்லா ஊது, பொகையுது" என்றாள்.