காலி நடை

"பள்ளிவாசல் மைக்குல சொல்லிடுங்க மச்சான். வாட்ஸ்அப்புல மட்டும் போட வேணாம்."

இதைச் சொல்லும்போது கமருன்னிஸா தன் கணவரின் தாடையை வெள்ளைத் துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சை உச்சந்தலைக்குக் கொண்டுவந்து, இறுக்கம் அதிகமோ என்று ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். விடிகாலை சுபுஹு தொழுகைக்குக் கைகால் கழுவப் போன ஜெக்கரியா குழாயடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவள் கூப்பிட்ட குரலுக்கு நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடியே இருந்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனபோது தெருவுக்கு இன்னும் பால்கூட வரவில்லை.

ஜெக்கரியாவின் அண்ணன் கலந்தர் நிலைப்படியில் நின்று, தம்பியின் நல்ல படம் ஒன்றைப் போனில் தேடிக்கொண்டிருந்தார். அதை ஜமாஅத் குரூப்பில் போட வேண்டும்.

"ஊருப் புள்ளைங்க பாதி துபாய்லயும் சவூதியிலயும் கெடக்கு. குரூப்புல போட்டாத்தானே தெரியும்?"

"அந்தக் குரூப்புலதான் யூனுஸும் இருக்கான்."

"அவனுக்குத்தானே மொதல்ல தெரியணும்?"

"அவன் ரோட்டுல இருக்கான் மச்சான்."

கலந்தர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டதோ என்ற பார்வை. ஆனாலும் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

யூனுஸ் ஒரே பிள்ளை. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில், பெர்த் நகரத்தில் வேலை. அடுத்த மாதம் தாயும் தகப்பனும் அங்கே போவதாக இருந்தது. பெர்த்திலிருந்து கடலை இடது பக்கம் வைத்துக்கொண்டு, வடக்கே ப்ரூம் என்கிற ஊர் வரைக்கும் மூன்று பேரும் காரில் போவதாக ஏற்பாடு. விசாகூட வந்துவிட்டது. ஆனால் ஜெக்கரியா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். சவூதியில் முடி நரைக்கும்வரை தண்ணீர் டேங்கர் ஓட்டியவர் அவர். தெரியாத பாதை என்றால் முதலில் காலி வண்டியோடு ஒரு நடை போய்வர வேண்டும்; அதற்கப்புறம்தான் லோடு ஏற்ற வேண்டும். இது அவர் தொழிலில் கற்றது.

"உங்கம்மாதான்டா லோடு. கண்ணாடிச் சாமான் மாதிரி. மொதல்ல நீ தனியா ஒரு நடை போய்ப் பாத்துட்டு வா" என்றார் போனில்.

"என்னைய மூட்டைங்கிறீங்களா?" என்று அடுப்படியிலிருந்து இவள் கேட்டாள்.

"சீல் உடைக்காத மூட்டை" என்றார் அவர்.

அந்தக் காலி நடையில்தான் யூனுஸ் இப்போது போய்க்கொண்டிருந்தான். போர்ட் ஹெட்லண்ட் என்கிற துறைமுக ஊரிலிருந்து ப்ரூம் போகும் வழியில், பாதித் தூரத்தில் ஒரு பெட்ரோல் பங்க். சாண்ட்ஃபயர் என்று பெயர். போனுக்குச் சிக்னல் கிடைப்பதும் அங்கேதான். அங்கே வண்டியை நிறுத்தியதும் அவனுடைய போனுக்கு எல்லாச் செய்தியும் மொத்தமாக வந்து விழும். வாயில் சோறு வைத்திருக்கும்போது அத்தாவின் படத்தையும் அதன் கீழே 'இன்னா லில்லாஹி'யையும் பார்ப்பான். பிறகு அதே கையால் ஸ்டீயரிங்கைப் பிடிப்பான். அதற்கப்புறம் ப்ரூம் வரைக்கும் ஒரு வீடு கிடையாது, ஒரு மனிதமுகம் கிடையாது.

இதெல்லாம் கமருன்னிஸாவுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பாதையை அவள் உள்ளங்கைபோல அறிந்திருந்தாள். அதை அவளுக்குக் கொடுத்தது போராட்டப் பந்தல்.

போன வருஷம் எண்ணெய்க் குழாய் பதிப்பதற்காகக் கீழ்வேளூர்ப் பக்கத்து வயல்களில் அளந்து கல் நட்டார்கள். ஜெக்கரியாவின் நிலத்திலும் ஒரு கல் விழுந்தது. அவருடைய அத்தா அதே நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். அந்தக் காலத்தில் சென்னையில் ஆட்சி மாறி, குத்தகைக்காரருக்குச் சட்டம் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததுமே மிராசுதாரர் நிலத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார். அதில் ஒரு துண்டை மகன் ஜெக்கரியா சவூதியில் வெயிலைத் தின்று வாங்கினார். கல்லைப் பார்த்ததற்கு மறுநாள் காலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தலில் போய் உட்கார்ந்தார்.

பந்தலில் கோஷம் போடுகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் சும்மா இருப்பதுதான் வேலை. ஜெக்கரியா போனில் அந்த ஆஸ்திரேலியப் பாதையின் வரைபடத்தை விரிப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இராஜாங்கம் எட்டிப் பார்ப்பார்.

"ஏன் பாய், இங்க குழாய் போடாதேன்னு குந்திக்கிட்டு, அடுத்த கண்டத்துல ரோடு போடுறீங்களே, இது நாயமா?"

"வயலு எங்கயும் ஓடிப் போவாது இராஜாங்கம். நாமதான் காவல் இருக்கோம்ல. எங்க வீட்டுலதான் நாகூரைத் தாண்டிக் கடலு பாத்ததில்ல."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அன்றைக்குப் பார்த்த தூரத்தை அவளிடம் சொல்லுவார். இத்தனை வருஷக் கல்யாணத்தில் அவர் அவளோடு சேர்ந்து இருந்தது விடுமுறைகளில்தான். வருவார், பெட்டியைத் திறப்பார், ஊரெல்லாம் சாப்பிடக் கூப்பிடும், பெட்டியைக் கட்டுவார். 'பாலைவனம் எப்படி இருக்கும்?' என்று புதுப்பெண்ணாக இருந்தபோது ஒருமுறை கேட்டாள். 'மணலா இருக்கும்' என்றார். அதோடு சரி. ஊரோடு வந்த பிறகும் ஒரே வீட்டில் இரண்டு விருந்தாளிகள்போலத்தான் இருந்தார்கள். அந்த ஆஸ்திரேலியப் பாதையை விரித்த பிறகுதான் அவருக்கு வாய் திறந்தது. இந்த வளைவு சவூதியில் தான் பார்த்த ஒரு வளைவு மாதிரி என்பார். வெறும் ரோடுதான் ஆளைக் கொல்லும், கூட்டமான ரோடு கொல்லாது என்பார். தன் தாய் இறந்த சேதியை ஒரு பங்க்கில் கேட்டுவிட்டு வண்டியை எடுத்ததைச் சொன்னார். அன்று எவ்வளவு தூரம் ஓட்டினோம், யார் ஓட்டினார்கள் என்று இன்றுவரை தனக்குத் தெரியாது என்றார்.

ஒருநாள் வரைபடத்தை அவள் பக்கம் திருப்பி வைத்துக் கேட்டார்: "கமரு, நீ எங்க எறங்கணும்னு சொல்லு. அங்கதான் நிறுத்துவோம்."

எங்கே இறங்க வேண்டும் என்று அவளை அதுவரை யாரும் கேட்டதில்லை. பதில் சொல்ல அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று.

வெயில் ஏறியதும் ஜெக்கரியாவின் போன் அடித்தது. அதை அவள் மடியிலேயே வைத்திருந்தாள். கூடத்தில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். சிலர் யாசீன் ஓதிக்கொண்டும் சிலர் அழுதுகொண்டும் இருந்தார்கள். கமருன்னிஸா கையைத் தூக்கினாள். ஓதிய குரல் பாதியில் நின்றது. ஜெக்கரியாவின் தங்கை மெஹராஜ் பேகம் முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். யாரோ எட்டி மின்விசிறியைக்கூட நிறுத்தினார்கள்.

"என்னம்மா, அத்தா போனை நீ எடுக்கிறே?"

"ஆளுங்க வந்திருக்காங்க தம்பி."

"பந்தல் ஆளுங்களா? மறுபடி மறியலா?"

"ம். சாண்ட்ஃபயர் வந்துட்டியா?"

"வந்துட்டேன். அத்தா இருந்தா நூறு கேள்வி கேப்பாரு. தப்பிச்சேன்."

"நான் கேக்கிறேன். டயரைத் தொட்டுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"நாலையுமா?"

"ஸ்டெப்னியையும் சேத்து அஞ்சு."

"தண்ணி?"

"ரெண்டு கேன் இருக்கு."

"ரயிலு மாதிரி ஒரு லாரி வருமே, அதை முந்தாதே."

"மாட்டேன்மா."

"பொழுது சாஞ்சா மாடு குறுக்க வரும். கங்காரு வேற. அதுக்கு முன்ன ஊருக்குள்ள போயிடணும். கண்ணை இழுத்துச்சுன்னா?"

"ஓரமா நிறுத்திப் படுத்துடணும். நீ அத்தாவை மிஞ்சிடுவே போலிருக்கே."

கூடத்தில் ஒரு வளையல் சத்தம்கூட இல்லை. அத்தனை பெண்களும் டயரையும் மாட்டையும் பற்றிய அந்தப் பேச்சை மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ப்ரூம் போயி வண்டியை நிறுத்திட்டு, மொதல்ல எனக்கு அடி. வேற எதையும் பாக்காதே. இந்த நம்பருக்கே அடி."

"சரிம்மா. அத்தாட்ட சொல்லு, ரோடு அவர் சொன்ன மாதிரியேதான் இருக்கு. ஒரு குழி கிடையாது. உன்னைக் கூட்டிட்டு வரலாம்."

"சொல்றேன்."

போனை வைத்துவிட்டு அவர் முகத்தருகே குனிந்தாள். "ரோடு நல்லா இருக்காம்" என்றாள்.

அதற்கப்புறம்தான் கூடம் வாய்விட்டு அழுதது.

வாசலிலிருந்து கலந்தர் உள்ளே வந்தார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. "பெத்த புள்ளைட்ட இப்படி மறைக்கலாமா கமரு? நாளைக்கு அவன் கேப்பான். மத்தியானம் லுஹருக்கு எடுக்கிறதா பள்ளியில சொல்லியாச்சு. மொகத்தைக்கூட பாக்க விடாம பண்ணிட்டேன்னு கேப்பான்."

"அதான் சாயங்காலம் அஸருக்கு எடுங்கங்கறேன்."

"மய்யத்தைக் காக்க வெக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் மச்சான். அவன் மொகம் பாக்கணும். பாக்கறதுக்கு அவன் உசுரோட போய்ச் சேரணும்."

"என்னம்மா பேச்சு இது. கார்லதானே போறான்? எவ்வளவு தூரம் இருந்துடப்போவுது?"

அவள் பதில் சொல்வதற்குள் ஜன்னலுக்கு வெளியே இருந்து இராஜாங்கத்தின் குரல் வந்தது. பந்தலிலிருந்து நேரே வந்தவர், பச்சைத் துண்டைக் கழுத்திலிருந்து எடுக்கவும் மறந்து நின்றார்.

"மன்னிச்சுக்கங்க பாய், காதுல விழுந்துச்சு. நம்ம நாகப்பட்டினத்துலேருந்து மெட்ராஸு போற தூரங்க. நடுவுல ஒரு டீக்கடை கெடையாது. வண்டி கவுந்தா ஏன்னு கேக்க ஆளு கெடையாது. பந்தல்ல எங்க எல்லாத்துக்கும் பாடம் எடுத்தாரு ஜெக்கரியா பாய். எழுப்பிக் கேட்டாக்கூட நான் சொல்லுவேன்."

கலந்தர் ஜன்னலையும் தம்பியின் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அங்க நமக்கு முன்னாலேயே பொழுது சாயும்" என்றாள் கமருன்னிஸா மெதுவாக. "நமக்கு லுஹரு முடியறப்ப அவனுக்கு அஸரு வந்துடும். அதுக்குள்ள போய்ச் சேந்துடுவான்."

கலந்தர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பள்ளி ஹஜ்ரத்துட்ட பேசறேன். அஸரு. அதுக்கு மேல என்னால நிறுத்த முடியாது."

லுஹர் தொழுகை முடிந்தது. ஜெக்கரியாவைக் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, அத்தர் பூசிக் கூடத்தில் கொண்டுவந்து கிடத்தினார்கள். முகத்தை மட்டும் மூடவில்லை. போன் வரவில்லை.

கமருன்னிஸா கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாதையில் போனாள். சிவப்பு மண், குட்டைப் புதர், நேராகக் கிடக்கும் தார். இடது பக்கம் கண்ணுக்குத் தெரியாத கடல். அவள் இறங்கி நடக்க வேண்டும் என்று கேட்ட, கிளிஞ்சல் நிறைந்த அந்த நீளமான கரை எப்போதோ பின்னால் போயிருக்க வேண்டும். இந்நேரம் சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லை என்றால்? நான் எதையோ விட்டுவிட்டேனா? வேகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லையே. ஒரே ஒரு கேள்வி. அதை அவர் விட்டிருக்க மாட்டார்.

"தண்ணியாவது குடிங்க மச்சி" என்றாள் நாத்தனார் மெஹராஜ் பேகம்.

குடித்தாள். பயம் போகவில்லை. ஆனாலும் அந்தப் பயத்தை வைத்துக்கொள்ளத் தனக்கு ஓர் இடம் இருக்கிறதே என்று நினைத்தாள். பிள்ளை எங்கோ கண்காணாத தேசத்தில் என்று வெறுமனே தவிக்க வேண்டியதில்லை. எந்த வளைவு, எந்தப் பாலம் என்று கூடவே போக முடிகிறது. இருந்தவரை இதைத்தானே உட்கார்ந்து உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தீர்கள். அல்ஹம்துலில்லாஹ், என்றாள் உதடு அசையாமல்.

பள்ளியிலிருந்து, மய்யத்தைத் தூக்கிச் செல்லும் சந்தூக்கு வந்து வாசலில் இறங்கியது. தூக்கிவந்தவர்கள் முண்டாசை அவிழ்த்து விசிறிக்கொண்டார்கள். கலந்தர் உள்ளே எட்டிப் பார்த்தார். வாசலுக்கே திரும்பினார். அப்போதுதான் போன் அடித்தது. படத்தோடு பேசும் அழைப்பு.

"வந்துட்டேன்மா! லேட்டுத்தான், திட்டாதே. கண்ணை இழுத்துச்சு, ஓரமா நிறுத்திப் படுத்துட்டேன்."

"நல்லது செஞ்சே."

"அத்தா எங்க? சீக்கிரம் குடு. நம்மூர்ல சூரியன் கடல்லேருந்துதானே வரும்? இங்க கடல்ல போய் விழுதும்மா. காட்டணும்."

அவன் முகத்தின் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு வெளிச்சம்.

"வண்டி நின்னிடுச்சா?"

"நின்னிடுச்சு."

"சாவியை எடு."

"எதுக்கு?"

"எடுத்துக் கையில வெச்சுக்க தம்பி."

எடுத்தான். இந்தமுறை யாரும் ஓதுவதை நிறுத்தவில்லை. அவன் அதைக் கேட்டான். அவளுக்குப் பின்னால் தெரிந்த பெண்களைப் பார்த்தான். சிரிப்பு முகத்திலேயே மெல்ல மெல்லக் கரைந்தது.

"அத்தா மௌத்தாயிட்டாங்க" என்றாள். "சுபுஹுல. கஷ்டப்படல."

போனைத் திருப்பி, கணவரின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். பிள்ளையின் முகத்தை அவள் பார்க்கவில்லை. அந்த நேரம் அவர்கள் இரண்டு பேருக்கும் உள்ளது. மெஹராஜ் பேகம் அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். வாசலில் கலந்தர் யாரிடமோ, "அவசரப்படாதீங்கப்பா, இருங்க" என்று அதட்டுவது கேட்டது.

வெகுநேரம் கழித்துத் திருப்பிப் பார்த்தபோது திரையில் அவன் இல்லை. சீட்டில் கிடந்த போனில் காரின் உள்கூரை தெரிந்தது. திறந்து கிடந்த கதவு, அதற்கு அப்பால் கொஞ்சம் சிவப்பு.

ஆண்கள் கலிமா சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"லைன் கட்டாயிடுச்சா மச்சி?" என்று மெஹராஜ் பேகம் கேட்டாள்.

"இல்ல" என்று கமருன்னிஸா போனைக் காதில் வைத்துக்கொண்டாள். காற்று அடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால், விட்டு விட்டு, ஓர் அலை.