இலங்கை தவிர

திருச்சியிலிருந்து பலாலிக்கு விமானம் பறக்கிற நேரம் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. எங்கள் நயினாதீவிலிருந்து வள்ளம் ஏறி, பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய்ச் சேர அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். அவ்வளவு குறுகிய பயணத்தில் மனிதனுக்கு உயிர் போய் உயிர் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நான் கோயிலில் பூசை செய்கிறவன். ஊரில் யாருக்கு ஆபத்து வந்தாலும் அவர்கள் பேர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்வது நான்தான். எனக்கென்று ஒன்று வந்தபோது வாயில் ஒரு மந்திரமும் வரவில்லை.

விமானம் மேலே எழும்பியதும் என் மனைவி பாலாம்பிகை திருநீறு எடுக்கக் கைப்பையைத் திறந்தாள். வள்ளம் ஏறினாலும் பஸ் ஏறினாலும் அவளுக்கு முதலில் திருநீறு வேண்டும். உள்ளறையின் ஸிப்பை இழுத்தாள். பிறகு அசையவில்லை.

"என்ன, திருநீறு முடிஞ்சு போச்சோ?" என்று கேட்டேன்.

அவள் பையை என் பக்கம் சரித்துக் காட்டினாள். திருநீறு மடித்த கடதாசிச் சரைக்குப் பக்கத்தில் நீல நிறப் புத்தகம் ஒன்று கிடந்தது. எங்கள் மகன் சர்வேஸ்வரனின் புத்தகம்.

அது என்ன புத்தகம் என்று சொல்லவேண்டும். சர்வேஸ்வரன் சண்டைக் காலத்தில் ஓடித் தப்பி, சுவிஸில் அகதியாக இருக்கிறான். அந்த நாடு அவனுக்குக் கடவுச்சீட்டுக்குப் பதிலாகக் கொடுத்தது இந்த நீலப் புத்தகம். எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கை தவிர என்று அதில் அச்சடித்திருக்கிறது. அவன் இங்கே வர ஏலாது. எங்களை அங்கே கூப்பிட்டால் விசா இல்லை என்கிறார்கள். ஆகவே இரண்டு பக்கமும் இல்லாத இந்தியாவில் சந்திப்பது என்று முடிவாகி, அவன், மருமகள் சர்மிதா, பிள்ளைகள், நாங்கள் என்று எல்லாரும் மதுரை, பழனி, இராமேஸ்வரம், திருச்சி எனச் சுற்றினோம். பிள்ளைகளுக்கு அது விடுமுறைச் சுற்றுலா. எங்களுக்கு அது மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை.

இராமேஸ்வரக் கடற்கரையில் பேரன், "அப்பா, எங்கடை ஊர் எந்தப் பக்கம்?" என்று கேட்டான். சர்வேஸ்வரன் கையை நீட்டிக் காட்டினான். பேரன் சிப்பி பொறுக்க ஓடிவிட்டான். இவன் நீட்டிய கையை மடக்க மறந்து நின்றான். அதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புத்தகம் எப்படி இவள் பைக்குள் வந்தது? இடப்பெயர்வு கொடுத்த நோய் அது. தீவை விட்டு ஓடினபோது வீட்டில் இவள் முதலில் எடுத்தது எங்கள் எல்லாருடைய அடையாள அட்டைகளும் பிறப்புச் சான்றிதழ்களும் இருந்த பையைத்தான். பிறகு எத்தனை சோதனைச் சாவடி, எத்தனை வரிசை. எல்லாரின் அட்டையும் ஒரே கையில் இருந்தால்தான் துலையாது என்பது அவளுடைய சட்டம். இந்தியாவிலும் விடுதிகளில் கடவுச்சீட்டுகளைப் படியெடுத்துத் திருப்பித் தந்தபோது கை நீட்டி வாங்கியவள் இவள்தான். மகனும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டான். இராமேஸ்வரத்துச் சனநெரிசலில், இந்த நீலப் புத்தகம் துலைந்தால் பிள்ளை துலைந்த மாதிரி என்று அதை மட்டும் உள்ளறையில் திருநீற்றோடு வைத்துப் பூட்டினாள். திருச்சி விமான நிலைய வாசலில் சர்மிதாவின் கையில் அவளுடையதும் பிள்ளைகளுடையதுமான சிவப்பு சுவிஸ் கடவுச்சீட்டுகளை எண்ணிக் கொடுத்தாள். அவர்களுடைய விமானம் இரவுக்குத்தான். எங்களை வழியனுப்ப வந்தவர்கள். அழுத அழுகையில் யாரும் எதையும் சரிபார்க்கவில்லை. மிகப் பத்திரமாக வைத்தது மட்டும் பத்திரமாகவே எங்களோடு வந்துவிட்டது.

"பிளேனைத் திருப்பச் சொல்லுங்கோ" என்றாள்.

"உமக்கென்ன விசரோ? இதென்ன குறிகட்டுவான் துறை வள்ளமோ திருப்புறதுக்கு?"

"அவன் இது இல்லாமல் எப்பிடி ஏறுவான்? ஆரெண்டு கேட்டால் என்னத்தைக் காட்டுவான்?"

அதுதான் எனக்கும் பயம். புத்தகம் இல்லையென்றால் அவன் எந்த நாட்டு ஆளும் இல்லை. எங்கே பிறந்தாய் என்று கேட்பார்கள், நயினாதீவு என்பான். அப்படியென்றால் அங்கேயே போ என்று அனுப்பிவிட்டால்? எந்த இடத்துக்குப் பயந்து ஓடினானோ, அந்த இடத்துக்கே பிடித்து ஏற்றிவிட்டால்? இப்போது காலம் மாறிவிட்டது என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். பெற்றவர்கள் வயிற்றில் காலம் அவ்வளவு கெதியாய் மாறாது.

பணிப்பெண் வந்தாள். தமிழ்நாட்டுப் பிள்ளை, மரியாதையான பிள்ளை. "அம்மா, பெல்ட்டைப் போட்டு உட்காருங்க" என்றாள். பாலாம்பிகை அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். இதே விமானம்தான் பலாலியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு உடனே திருச்சிக்குத் திரும்பும் என்று அந்தப் பிள்ளை சொன்னபோது எங்கள் இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது.

"அப்ப நீங்களே கொண்டுபோய்க் குடுங்கோ பிள்ளை. அவன் வாசலிலை நிப்பான்."

"மத்தவங்க டாக்குமெண்ட்டை நாங்க வாங்கவே கூடாதும்மா. வேலை போயிடும்." சொல்லிவிட்டு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

விமானம் இறங்கி நின்றது. எல்லாரும் எழும்பிப் போனார்கள். பாலாம்பிகை மட்டும் பெல்ட்டைக் கழற்றவில்லை. "நான் இறங்கேல்லை. திரும்பிப் போகேக்கை என்னையும் கொண்டு போகட்டும்" என்றாள். எங்களுடைய விசா ஒருமுறை போய்வரத்தான், அது முடிந்துவிட்டது, போனாலும் உள்ளே விடமாட்டார்கள் என்று நான் கெஞ்சி, கோபித்து, கடைசியில் கையைப் பிடித்து இழுத்து இறக்கவேண்டியதாயிற்று. கலியாணம் கட்டின காலம் தொட்டு அவளை நான் அப்படி இழுத்ததில்லை.

மழை பெய்து விட்டிருந்தது. தொலைபேசியைப் போட்டதும் மணி அடித்தது.

"அப்பா, என்ரை புத்தகத்தைக் காணேல்லை. அறை முழுக்கத் தேடிட்டம்." சர்வேஸ்வரனின் குரல் சின்னப் பொடியனின் குரலாகியிருந்தது.

"இஞ்சை இருக்கு."

"இஞ்சையெண்டா எங்கை?"

"பலாலியிலை."

மறுபக்கத்தில் சர்மிதா அழுகிற சத்தம் கேட்டது. "விமான நிலைய வாசலுக்குப் போய் நில். அனுப்புறம்" என்று சொல்லிவிட்டேன். எப்படி அனுப்புவது என்று எனக்குத் தெரியாது.

குடிவரவு அதிகாரி நல்ல மனிதர்தான். தபாலில் அனுப்பலாம், இரண்டு மூன்று நாளில் போய்விடும் என்றார். இன்றிரவு ஏறவேண்டியவனுக்கு இரண்டு மூன்று நாள்! விமான நிறுவனத்துப் பொடியன் விதியைச் சொன்னான். அடுத்தவனும் அதையே சொன்னான். ஒருவர்கூடக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் திருப்பிக் கோபிக்கவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

அப்போது பக்கத்துக் கதவு திறந்து, திருச்சிக்குப் போகிற பயணிகள் விமானம் ஏற வரிசையாக வெளியே வந்தார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு கயிறு. கயிற்றோரமாக ஒரு பூப்பாத்தி. என் கையை உதறிவிட்டு பாலாம்பிகை வெளியே ஓடினாள். கயிற்றடியில் நின்று, புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"திருச்சிக்குப் போறவை ஆராவது இதைக் குடுத்துவிடுங்கோ! அங்கை என்ரை மகன் வாசலிலை நிப்பான்!"

எங்கள் தீவுகளில் இது ஒன்றும் புதினமில்லை. மருந்தோ சாவியோ மறந்துபோன கண்ணாடியோ, இறங்குதுறையில் நின்று கூப்பிட்டு, போகிற ஆளிடம் கொடுத்துவிட்டால் அக்கரையில் உரிய ஆள் வந்து வாங்குவார். அது தவறியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் இது இறங்குதுறை இல்லையே. அந்நியர் தருவதை வாங்காதீர்கள் என்று ஒலிபெருக்கி ஓயாமல் சொல்லுகிற இடம். ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். ஒரு பெண் பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் பிடித்தாள். இளம் பொலிஸ்காரன் ஒருவன் ஓடிவந்து, "அம்மா, இங்க நிக்க ஏலாது. உள்ள போங்க" என்றான், தனக்குத் தெரிந்த தமிழில்.

எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. வரிசை குறையக் குறைய வெட்கமும் குறைந்தது. கோயிலில் மைக் இல்லாமல் வெளிவீதி வரைக்கும் கேட்கிற குரல் என்னுடையது. "ஐயோ, ஆராவது வாங்குங்கோ! என்ரை ஒரே பிள்ளை!" என்று அந்தக் குரலில் கத்தினேன்.

வரிசையின் கடைசியில் வந்த தடித்த பெண் நின்றாள். பச்சைச் சீலை, கழுத்தில் செபமாலை. அவளுடைய புருசன், "கத்தரீனா, வா பேசாமல்" என்று இழுத்தார்.

"பொறுங்கோ பிலிப்பு" என்று அவள் கயிற்றடிக்கு வந்தாள். "எந்த ஊர் ஐயரம்மா?"

"நயினாதீவு."

"நாங்கள் ஊர்காவற்றுறை. வேளாங்கண்ணிக்குப் போறம். கொண்டாங்கோ பாப்பம்."

மீனின் செவுளைத் திறந்து பார்ப்பதுபோல அவள் அந்தப் புத்தகத்தை ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பார்த்தாள். குலுக்கினாள். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பொலிஸ்காரன் கையை நீட்டி, "இது யாருட?" என்று கேட்டான்.

"என்ரை தம்பியின்ரை" என்றாள் கத்தரீனா, கண் இமைக்காமல்.

அவன் புத்தகத்தை வாங்கி, என் மகனின் மெலிந்த முகத்தையும் அவளுடைய முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு புத்தகத்தை பாலாம்பிகையிடமே திருப்பிக் கொடுத்தான். "தம்பி... சரி. கெதியா குடுங்க" என்று சொல்லிவிட்டு விமானத்தைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

அந்த நேரம் பார்த்து, பாலாம்பிகை நீட்டிய கையிலிருந்து புத்தகம் பூப்பாத்தியில் விழுந்தது. ஈரச் செம்மண். அவள் குனிந்து அதை எடுக்கப் பிடித்த நேரத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரு சாமானை ஒழுங்காய்க் குடுக்கத் தெரியாதோ உமக்கு!" என்று கத்தினேன். அவள் எடுத்துக் கொடுத்தாள். கத்தரீனா அதைச் சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு படியேறிப் போனாள்.

பிறகு காத்திருப்பு. வான்காரன் ஜெகதீஸ் எங்களை ஏற்றிக்கொண்டு குறிகட்டுவானுக்கு வந்தான். கத்தரீனாவை அங்கே பிடித்து வைத்திருந்தால்? யாருடையது என்று கேட்க அவள் தடுமாறியிருந்தால்? புத்தகத்தைப் பறித்துவைத்தால்? ஒரு முன்பின் தெரியாத பெண்ணின் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. புளியங்கூடல் தாண்டும்போது பாலாம்பிகை என் முழங்கையைப் பிடித்தாள். துறையடி வரும் வரைக்கும் அவள் விடவில்லை.

துறையில் கடைசி வள்ளம் புறப்பட ஆயத்தமாக நின்றது. யாரோ ஒரு மருந்துப் பையை வள்ளக்காரனிடம் கொடுத்து, வீட்டுப் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது தொலைபேசி அடித்தது. இருவருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினேன்.

"அம்மா, வந்திட்டுது! கையிலை இருக்கு! அந்த அக்கா ஊர், பேர், கோயில் எல்லாம் கேட்டுப்போட்டுத்தான் தந்தவ."

பாலாம்பிகை அப்படியே துறைக் கட்டின் மேல் குந்திவிட்டாள். அம்மாளே, தாயே என்று அப்போதுதான் என் வாயில் வந்தது.

"அம்மா, ஆனால் அட்டை முழுக்கச் சிவப்பு மண். எங்கை விழுத்தினனீங்கள்? இந்தக் கோலத்திலை நீட்டினால் உள்ளுக்கை கேள்வி கேப்பாங்கள். துடைச்சுப்போட்டுப் போறன்."

"முன்பக்கத்தைத் துடை. பின்பக்கத்தைத் துடையாதை."

"ஏனம்மா?"

"அது பலாலி மண்ணடா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் புத்தகம் கை தவறி விழவில்லை. இவள் அதை எங்கள் மண்ணில் ஒருதரம் வைத்து எடுத்திருக்கிறாள். நான் அவளைக் கத்தியிருக்கிறேன்.

மறுபக்கத்தில் பேச்சு இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறவில்லை.

"ஐயா, ஏறுங்கோ. வெளிக்கிடப் போறம்" என்று வள்ளக்காரன் கூப்பிட்டான்.

"கொஞ்சம் பொறு தம்பி" என்றேன். "அவன் இன்னும் போனை வைக்கேல்லை."