என் சக்களத்திக்கு இரண்டு இன்ஜின்

என் சக்களத்தி மதுரைக்கு வந்து இறங்கும்போதெல்லாம் பெருங்குடியில் எங்கள் வீட்டுச் சமையலறைத் தட்டுகள் கிடுகிடுக்கும். தெருவில் பிள்ளைகள் காதைப் பொத்துவார்கள், பெரியவர்கள் திட்டுவார்கள். என் வீட்டுக்காரர் செல்வக்குமார் மட்டும், லீவில் இருந்தால், சோற்றில் வைத்த கையோடு மாடிக்கு ஓடுவார். "வாரா பாரு, மகராசி!" என்பார்.

மகராசி மனுஷி இல்லை. சரக்கு விமானம். நாற்பது வயது தாண்டிய பழைய ஜெட். மாட்டுத்தாவணி மல்லிகையும் ஊர்ப்பட்ட பார்சலும் சுமந்த கிழவி. அவளை ஓட்டிய கேப்டன்தான் என் வீட்டுக்காரர்.

புது விமானங்கள் அவருக்கு ஆகாது. "அதெல்லாம் கம்ப்யூட்டர் ஓட்டுது, நாம சும்மா காவக்காரன். இவள கையால இழுத்தா றெக்க அசையிறது நம்ம தோளு வரைக்கும் தெரியும்" என்பார். ஆயுத பூசைக்கு வீட்டு ஸ்கூட்டருக்கு ஒரே ஒரு பொட்டு, அவளுக்கு மூக்கு நிறையச் சந்தனம். அவள் போட்ட கூப்பாட்டில் இவருடைய வலது காது பாதி போய்விட்டது. பக்கத்தில் நின்று நான் கூப்பிட்டால் கேட்காது, எங்கோ வானத்தில் அவள் திரும்பினால் கேட்கும். அந்த வயிற்றெரிச்சலில் சிரித்துக்கொண்டேதான் அவளுக்குச் சக்களத்தி என்று பேர் வைத்தேன்.

என் தம்பி அசோக்குமாரையும் அந்த விமானத்தில்தான் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து இவர் வளர்த்துவிட்டார். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே தட்டில் சாப்பிடாத குறை. பிறகு தம்பி கம்பெனியில் மேலே மேலே போய் பெரிய அதிகாரி ஆனான். பழைய விமானங்கள் எண்ணெயைக் குடிக்கின்றன, சத்தம் தாங்கவில்லை என்று ஊர் ஊராகப் புகார் வருகிறது, இவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திவிடலாம் என்று கம்பெனிக்குச் சொன்னது அவன்தான். அது இவர் காதுக்கு வந்த அன்று வீட்டில் உலை வைக்கவில்லை.

"நான் ஏத்திவிட்ட பய, அவளயே எறக்கிட்டானே!" என்று சுவரில் குத்தினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு, சமயநல்லூர் தாண்டி இவர் வீட்டுக் குலசாமியான கருப்பு கோயிலுக்குப் போனார். எதற்கென்று சொல்லவில்லை. பூசாரி கட்டையையும் உளியையும் எடுத்து வைத்தபோதுதான் எனக்கு விளங்கியது. காசு வெட்ட வந்திருக்கிறோம்.

எங்கள் பக்கம் கோர்ட்டுக்குப் போவதைவிடப் பெரிய காரியம் அது. கருப்புக்கு முன்னால் குறையைச் சொல்லி, ஒரு காசைக் கட்டையில் வைத்து உளியால் இரண்டாக வெட்டிப் போட்டால் அந்த இரண்டு குடும்பத்துக்கும் உறவு அற்றது. பேச்சு கிடையாது, ஒரு செம்பில் தண்ணீர் கிடையாது, நல்லது கெட்டது எதற்கும் போக்குவரத்து கிடையாது. அந்த வெட்டை எடுக்க வேண்டுமென்றால் இரண்டு தரப்பும் அதே கோயிலில் கூடி நின்று மனசாரச் சம்மதம் சொல்ல வேண்டும். உளியைத் தொட்டவர்களில் ஒருத்தர் வராவிட்டாலும் பூசாரி சூடம் ஏற்ற மாட்டார்.

"ஏங்க, அவன் என் கூடப்பொறந்தவங்க" என்றேன்.

"அதுக்குத்தான் ஒன்னையும் கூட்டியாந்தேன். பிடி உளிய" என்றார். என் கையை உளியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு சுத்தியலால் ஓங்கி அடித்தார். ஒரே அடிதான். என் பிறந்த வீடு போயிற்று.

போன ஆடியில், சமயநல்லூரில் தம்பி வீட்டில் இருந்த என் அம்மா ஒச்சாயி செத்துப்போனாள். பக்கத்து வீட்டுக்குப் போன் வந்து, அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவர் காலில் விழுந்தேன்.

"கோயிலுக்குப் போயி வெட்ட எடுத்துருவோங்க. வாய்க்கரிசி மட்டும் போட்டுட்டு வந்துர்றேன்."

"சாமி முன்னாடி வெட்டுனது வெட்டுனதுதான். எங்காத்தாவா இருந்தாலும் இதான்" என்று டிவியைப் போட்டார்.

தம்பியாவது வருவான் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனும் வரவில்லை. வெட்டினவன் தேடி வரட்டும் என்றானாம். கடைசியில் நான் ஒருத்தியாக பஸ் ஏறிப் போய், சமயநல்லூர் மெயின் ரோட்டில் ஒரு பேக்கரி ஓரமாக நின்றேன். கொட்டு முன்னால் போக, என் அம்மா பின்னால் போனாள். எனக்குத் தெரிந்த பெண்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். காசு வெட்டினவளைத் தொட அவர்களுக்குப் பயம். ஒருத்திகூடக் கையைப் பிடிக்கவில்லை. முந்தானையில் முடிந்து கொண்டுபோன அரிசியை ரோட்டோரம் உதறிவிட்டுத் திரும்பி வந்தேன்.

இருங்கடா, உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு நாள் வரும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

பங்குனியில் வந்தது. என் சக்களத்தி கடைசி லோடை மதுரையில் இறக்கிவிட்டு ஓரமாக நின்றாள். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி, பிள்ளைகள் படிப்பதற்கு அவளை முழுசாக நிறுத்தி வைத்துக்கொள்கிறோம் என்று கேட்டிருந்தது. பறக்கும் அனுமதி அந்த மாதத்தோடு முடிகிறது. அதற்குள் ஓட்டிக்கொண்டு போனால் அவள் பிழைத்தாள். இல்லையென்றால் பழைய இரும்பு வியாபாரி நின்ற இடத்திலேயே அறுத்து எடுத்துப் போவான். அவளை ஓட்ட இரண்டு பைலட் வேண்டும். அந்தக் கடைசி லோடோடு மற்றவர்கள் எல்லாரும் புது விமானத்துக்கு மாறிவிட்டார்கள். அவளை ஓட்டும் லைசென்சை விடாமல் வைத்திருந்தது இரண்டே பேர். ஒருத்தர் என் வீட்டுக்காரர். இன்னொருத்தன் என் தம்பி.

"வாயே தெறக்காம ஓட்டிர்றேன்" என்றார் இவர்.

"மேல ஏறுனதும் சக்கரத்த மடக்குன்னு எப்பிடிச் சொல்வீங்க? பூசாரிய நடுவுல உக்கார வச்சா?" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த விமானத்தில் ஒருத்தர் வாசிக்க, மற்றவர் வாயால் பதில் சொன்னால்தான் இன்ஜினையே கிளப்புவார்கள். எனக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா?

இரண்டு நாள் கழித்து, விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிறவர்களுக்கு மேஸ்திரியான சோணையைக் கூட்டிக்கொண்டு என் தம்பி வந்தான். கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். எங்களோடு பேசக் கூடாதே, அதனால் சோணையின் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"சோணையண்ணே, மச்சான கோயிலுக்கு வரச் சொல்லுங்க. நிறுத்தச் சொன்னது நான்தான். ஆனா அறுக்கணும்னு நெனைக்கலண்ணே. நானும் அவளுக்குள்ளதாண்ணே தொழில் பழகுனேன்."

"வாரேன்னு சொல்லுங்க சோணை, இப்பவே வாரேன்னு சொல்லுங்க!" என்று இவர் சட்டையை மாட்டினார். இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது. "ரோகிணி, சேலைய மாத்து, கெளம்பு."

நான் நகரவில்லை.

"சோணையண்ணே, ஒங்க ஆபீசர்கிட்ட ஒண்ணு கேளுங்க. எங்கம்மா செத்தன்னைக்கு இந்த வாசலுக்கு வழி தெரியலையாமா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். சோணைக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"அவள அறுத்துப் போட்ருவாங்கடி" என்றார் இவர்.

"என்னைய அறுத்துப் போட்டப்ப வலிக்கலையா? எங்கம்மாவுக்கு எடுக்காத வெட்ட இந்த இரும்புக்கு எடுக்க நான் வர மாட்டேன். சாமி முன்னாடி வெட்டுனது வெட்டுனதுதான்."

எனக்குத் தம்பி வேண்டாமா? வேண்டும். கேட்டுக்கு அந்தப் பக்கம் நரைத்த தலையோடு நின்றவனைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போலத்தான் இருந்தது. ஆனால் அவன் எனக்காக வரவில்லையே. இரண்டு ஆம்பளைகளும் எனக்காகவும் வரவில்லை, செத்தவளுக்காகவும் வரவில்லை. அதை நினைத்தபோது என் மனசு கல்லாகிவிட்டது. இவர் கெஞ்சக் கெஞ்ச எனக்கு உள்ளுக்குள் இனித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

நான் இல்லாமல் இரண்டு பேரும் கோயிலுக்குப் போய்ப் பார்த்தார்கள். அந்தம்மா எங்கே என்று கேட்டுப் பூசாரி திருப்பி அனுப்பிவிட்டார். மாதம் முடிந்தது.

அறுக்கிற அன்று நான் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு இவரோடு போனேன். வேலிக்கு வெளியே சோணை தண்ணீர் கேனோடு நின்றான். கொஞ்சம் தள்ளி என் தம்பி. கேஸ் கட்டரின் நெருப்பு முதலில் அவள் மூக்குக்குக் கீழே பட்டது. ஊரையே எழுப்பியவள் ஒரு சத்தமும் போடவில்லை. தகடு மட்டும் கிரீச்சென்று வளைந்து தரையில் விழுந்தது.

என் வீட்டுக்காரர் வாய்விட்டு அழுதார். அந்தப் பக்கம் என் தம்பி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். இவர் அவனைப் பார்த்தார். அவனும் இவரைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் ஒரே சாவு. கையெட்டும் தூரம்தான். ஆனாலும் ஒருத்தர் தோளை ஒருத்தர் தொட முடியாமல் நின்றார்கள். பேக்கரி ஓரம் நான் நின்றதும் இப்படித்தான்.

அழுது அழுது இரண்டு பேருக்கும் விக்கல் எடுத்தது. சோணை ஒரு செம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு இவர்களை நோக்கி வந்தான். நான் அவன் கையைத் தடுத்தேன்.

"தனித்தனிச் செம்புல குடுங்கண்ணே" என்றேன்.