சூரியனுக்கு எந்த மூடி

எங்க வீட்டுக்காரர் ஜீவந்தரனுக்கு இருக்கிறது ஒரே கண்ணு. இடது கண்ணு சின்ன வயசுலயே கிட்டிப்புள் பட்டுப் போயிடுச்சு. மிச்சம் இருக்கிற அந்த வலது கண்ணால சூரியனைப் பாத்தே ஆகணும்னு ஒத்தைக் கால்ல நின்னாரு மனுஷன். எந்தப் பொண்டாட்டிதான் சும்மா விடுவா, சொல்லுங்க?

டெலஸ்கோப் வாங்கினப்போ நான் ஒண்ணும் சொல்லல. நிலாவைப் பாத்தாரு, சனிக்கிரகத்தைப் பாத்தாரு. திருப்பருத்திக்குன்றத்துல எங்க தெருவே மாடி ஏறி வந்து பாத்துட்டுப் போச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் யூடியூப்ல எவனோ, இந்த வருஷம் சூரியன்ல கறுப்புப் புள்ளி நிறைய தெரியுதுன்னு சொல்லித் தொலைச்சான். அன்னிலேருந்து இவருக்குச் சோறு இறங்கல.

"ஏங்க, இருக்கிற ஒண்ணையும் பொசுக்கிக்கப் போறீங்களா?"ன்னு கத்தினேன்.

"சும்மாவா பாக்கப் போறேன்? ஃபில்டர் போட்டுத்தான் தயா."

அங்க ஆரம்பிச்சது என் தலைவலி. ஃபில்டர் ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு, டெலஸ்கோப் பெட்டியிலயே இலவசமா வந்தது. கண்ணு வெச்சுப் பாக்குற சின்ன லென்ஸுக்கு அடியில திருகி மாட்டுற கறுப்புக் கண்ணாடி. சுத்தி உலோக வளையம், அதுமேல சூரியனுக்குன்னு இங்கிலீஷ்ல பொறிச்சிருக்குது. இன்னொண்ணு, என் நாத்தனார் பொண்ணு சம்யுக்தா வரவழைச்சுக் குடுத்தது. அவ ஏனாத்தூர்ல எம்.எஸ்ஸி படிக்கிறா. வெளிநாட்டுச் சரக்காம், பிரீமியமாம். பிரிச்சுப் பாத்தா ஒரு வெள்ளித்தாளு! கசங்கிக்கினு, சொய்ங் சொய்ங்னு சத்தம் போட்டுக்கினு. அதை அட்டை வளையத்துல ஒட்டி, டெலஸ்கோப்போட வாயில மூடி மாதிரி மாட்டணுமாம். இந்தத் தாளுக்குக் குடுத்த காசுல டெலஸ்கோப்புல பாதி வாங்கிடலாம், அவ்ளோ விலை.

சம்யுக்தாவுக்கு போன் போட்டேன்.

"அத்தை, அந்தக் கண்ணாடியைத் தூக்கிப் போட்டுடுங்க. தாள்தான் சேஃப்."

"கம்பெனிக்காரனே பெட்டியில வெச்சதை ஏம்மா தூக்கிப் போடணும்?"

"வெயில் மொத்தமும் ஒண்ணாச் சேர்ந்து அந்தக் குட்டிக் கண்ணாடி மேல விழும் அத்தை. சூடு தாங்காது."

"அப்ப கனமானதுதானே தாங்கும்? தாளா தாங்கும்?"

"ஐயோ அத்தை! தாள் டெலஸ்கோப்புக்கு வெளியவே வெயிலைத் தடுத்துடும். ஞாயித்துக்கிழமை நானே வந்து மாட்டித் தரேன். அதுவரைக்கும் தொடாதீங்க, ப்ளீஸ்."

சரின்னு வெச்சுட்டேன். ஆனா மனசு கேக்கல. டெலஸ்கோப் வித்த கடைக்காரனைக் கேட்டா, "ரெண்டும் நல்லாதான் இருக்கும் மேடம்"ங்கிறான். நெட்ல பாத்தா, ஒருத்தன் கண்ணாடிக்கு அஞ்சு ஸ்டார் போட்டிருக்கான், அடுத்தவன் உயிருக்கே ஆபத்துங்கிறான். தாளுக்கும் அதே கதைதான், ஊசி முனை ஓட்டை இருந்தாலும் கண்ணு போச்சுங்கிறான். படிக்கப் படிக்க எனக்குத் தலையே சுத்திச்சு. யாரை நம்புறது? புரியலைன்னு சொல்லவும் வெக்கமா இருந்துச்சு.

சரி, நமக்குத் தெரிஞ்ச வழியில பாத்துடலாம்னு உக்காந்தேன். நாங்க ஜரிகை வியாபாரம். பட்டுப்பூச்சியைக் கொல்ற பாவம் நம்மைப் போல சமணருக்கு வேணாம்னு எங்க மாமனார் ஜரிகையோட நின்னுக்கினாரு. பிள்ளையார்பாளையம் தறிக்காரங்களுக்கு ஜரிகை குடுத்துக் குடுத்து, எது அசல் எது போலின்னு என் கையே சொல்லும். அசல்னா வெள்ளியும் தங்கமும், கையில வெச்சா கனமா உக்காரும். போலின்னா பிளாஸ்டிக் தாள்ல பளபளன்னு பூச்சு, நெருப்புல காட்டினா மசிரு மாதிரி சுருண்டுக்கும்.

ரெண்டையும் ரெண்டு கையில வெச்சுப் பாத்தேன். கண்ணாடி கனமா உக்காந்துச்சு. தாளு இருக்கிறதே தெரியல. வெயில்ல தூக்கிப் பிடிச்சா ரெண்டுமே இருட்டுதான். சம்யுக்தா அளவு பாத்து வெட்டிக் குடுத்ததுல மிஞ்சின தாள் துண்டு ஒண்ணு கவர்ல கிடந்துச்சு. தீக்குச்சி கிழிச்சுக் காட்டினேன். சுருண்டுடுச்சு. பிளாஸ்டிக்! பாவம், படிச்ச பொண்ணையே எவனோ நல்லா ஏமாத்திட்டான்னு நெனச்சேன்.

"கண்ணாடிதாங்க அசல்"னேன். இவருக்கு அது போதும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஏன் காத்துக்கினு இருக்கணும்னு, காலையில பூஜை முடிச்ச கையோட மாடிக்கு ஓடினாரு. கண்ணாடியை லென்ஸுல திருகினாரு. டெலஸ்கோப்பை வெயிலுக்கு நேராத் திருப்பினாரு. குனியப் போனாரு.

அப்பதான் எனக்கு என்னமோ பண்ணிச்சு. நான் சொன்னதை நானே நம்பலையோ என்னமோ. அவரு தோளைப் பிடிச்சு இழுத்தேன்.

"நகருங்க, நான் மொதல்ல பாக்குறேன். எனக்கு ரெண்டு இருக்குது."

"ஏய், என்ன பேச்சு இது..."

அவரு பேசி முடிக்கிறதுக்குள்ள நான் வலது கண்ணை வெச்சுட்டேன். அப்பாடி! பச்சையா, உருண்டையா, அவ்ளோ அழகு. அதுல கறுப்பா ரெண்டு மூணு புள்ளி. "இருக்குதுங்க, புள்ளி இருக்குது!"ன்னு குதிச்சேன். "தள்ளு தயா, நானு, நானு"ன்னு கொழந்தை மாதிரி இடிச்சாரு. இருங்கன்னு சொல்லிக்கினே இன்னும் கொஞ்ச நேரம் பாத்தேன்.

டக்குனு ஒரு சத்தம். வெள்ளையா ஒண்ணு கண்ணுக்குள்ள பாய்ஞ்சுது. நான் பின்னால போய் விழுந்தேன். அவரு "தயா, தயா"ன்னு அலறினது மட்டும் ஞாபகம் இருக்குது. கண்ணாடி நடுவுல விரிசல் விட்டுக் கிடந்துச்சு.

கண் டாக்டர் உள்ள சுட்டிருக்குதுன்னாரு. சிலருக்கு மாசக்கணக்குல கொஞ்சம் தேறும், சிலருக்குத் தேறாது, இப்ப எதுவும் சொல்ல முடியாதுன்னாரு. இடது கண்ணை மூடிக்கினு வலது கண்ணால எதைப் பாத்தாலும் நடுவுல ஒரு இருட்டு. அவரைப் பாத்தேன். காது தெரியுது, சட்டைக் காலரு தெரியுது, மூஞ்சி இருக்கிற எடத்துல ஒண்ணுமே இல்ல.

ஞாயித்துக்கிழமை சம்யுக்தா வந்தா. என்னைப் பாத்து அழுதா, திட்டினா, மறுபடியும் அழுதா. அப்புறம் மாடியில போய் அந்த உடைஞ்ச கண்ணாடியைக் கழட்டி எறிஞ்சுட்டு, வெள்ளித்தாள் மூடியை மாட்டி, தானே ரொம்ப நேரம் பாத்தா. "மாமா, ஒண்ணும் ஆவாது, வாங்க"ன்னா. இவரு தண்ணி டேங்க் ஓரமா உக்காந்துக்கினு வரவே மாட்டேன்னுட்டாரு.

"இந்த டெலஸ்கோப்பை எவனுக்காவது குடுத்துடு. எனக்கு வேணாம்."

எனக்கு வந்துச்சே கோவம்! "நான் ஒரு கண்ணைக் குடுத்துட்டு நிக்கிறேன். நீங்க பாக்கலன்னா அது எதுக்குங்க போச்சு?"

அவரு தலையைத் தூக்கல. "பயமா இருக்குது தயா"ன்னாரு. அவரு வாயிலேருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்ல.

"அப்ப நானே மொதல்ல பாக்குறேன்."

எனக்கு மட்டும் பயம் இல்லையா? எது நல்லது எது கெட்டதுன்னு எனக்கு இன்னிக்கும் ஒண்ணும் விளங்கல. இருந்தாலும் குனிஞ்சு, நல்லா இருக்கிற இடது கண்ணை வெச்சேன்.

"ஐயோ, வேணாம்!"னு ஓடியாந்தாரு. என்னைத்தான் பிடிச்சு இழுக்கப் போறாருன்னு நெனச்சேன். நேரா டெலஸ்கோப்புக்கு முன்னால போய், அந்த மூடியை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கினாரு.

"மாமா, டேப் போட்டிருக்கேன். அது கழண்டுக்காது, விடுங்க"ன்னா சம்யுக்தா. காத்துகூட இல்ல. அவரு விடல. அவரு கை நடுங்க நடுங்க, உள்ள சூரியன் இங்கயும் அங்கயும் துள்ளிக்கினே இருந்துச்சு. அதுல புள்ளி எங்க, ஓரம் எங்கன்னு ஒரு எழவும் பிடிபடல.

"தெரியுதா தயா?"ன்னு அழுதுக்கினே கேட்டாரு.

"நல்லா தெரியுதுங்க"ன்னேன்.