மாத்திரையைக் குறைத்தவர்

உச்சிமாகாளியை எப்படிக் கீழே இறக்குவது என்று கார்குழலி யோசிக்க ஆரம்பித்தது, அந்தக் கட்டுரை அச்சாகி வந்த அன்றைக்கு. அதற்கு முன்னால் அவள் அவரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தவள்தான்.

வடசென்னையில் டோல்கேட் பக்கம் ஓர் அறக்கட்டளை மருத்துவமனை. அதன் மாடியில் ஆய்வுக்கூடம். இரண்டுக்கும் டாக்டர் உச்சிமாகாளியே தலைவர். திருநெல்வேலியிலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் மிளகாய் மண்டி வைத்துப் பெருகிய குடும்பத்தின் பிள்ளை. கார்குழலி வியாசர்பாடி வாரியக் குடியிருப்பிலிருந்து வந்தவள். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். உச்சிமாகாளியின் கீழ் அவள் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தாள்.

அவள் எடுத்துக்கொண்ட நோய் லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் உடம்பின் மீதே பாய்கிற நோய். தோல், மூட்டு, சிறுநீரகம் எதையும் விடாது. பெரும்பாலும் இளம்பெண்களைப் பிடிக்கும். அந்தப் பாய்ச்சலைத் தட்டி அடக்கி வைக்கிற அணுக்களும் எல்லார் ரத்தத்திலும் கொஞ்சம் உண்டு. அவை எவை, எப்படி அடக்குகின்றன என்று அந்த வருடங்களில் உலகமே தேடிக்கொண்டிருந்தது. கார்குழலியும் தேடினாள். அணுவின் மேற்பரப்பில் இருக்கும் ஓர் அடையாளத்தில் ஒளிரும் சாயத்தை ஒட்டி, அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளிக்கு முன்னால் ஓடவிட்டு எண்ணுவாள். லூபஸ் வந்த பெண்களில் சிலருக்கு அடக்கும் அணுக்கள் ஏராளமாக இருப்பதாகத் தெரிந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரையைச் சீக்கிரமே குறைத்துவிடலாமோ என்று ஒரு கேள்வியாகத்தான் அவள் எழுதிக் கொடுத்தாள்.

கட்டுரை வந்தபோது அந்தக் கேள்வி முடிவாக மாறியிருந்தது. மேலே உச்சிமாகாளியின் பெயர். அடுத்து அமெரிக்காவில் படிக்கும் அவருடைய மருமகனின் பெயர். அந்தப் பையன் ஆய்வுக்கூடத்தின் வாசல்படியைக்கூட மிதித்ததில்லை. கார்குழலி கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தாள்: 'தொழில்நுட்ப உதவிக்கு நன்றி.'

"சார், வேலை முழுக்க நான் செஞ்சதுதானே?" என்று கேட்டாள்.

அவர் தலை நிமிராமல் சொன்னார். "ஒங்க வீட்டு ஆளுங்களுக்கு ஒரு பட்டம் கெடைச்சா போதாதாம்மா? வேலைக்குப் போயிரலாம். பேரு எதுக்கு?"

கார்குழலி அழவில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு, சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். அந்த மனுஷன் நாலு பேர் நடுவில் கூனிக் குறுக வேண்டும். அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு வேறு எதை நினைத்தாலும் மனம் அங்கேயே போய் நின்றது.

வழி புரட்டாசியில் கிடைத்தது. அடக்கும் அணுவின் உண்மையான அடையாளம் மேலே இல்லை, அணுவின் உள்ளே, உட்கருவுக்குள் இருக்கும் ஒரு புரதம் என்று சில காலமாகவே பேச்சு. அந்தப் புரதத்தைக் காட்டும் புதுச் சாயம் விற்பனைக்கு வந்திருந்தது. கம்பெனிக்காரர் மாதிரிக்கென்று கொடுத்துவிட்டுப் போன சின்னக் குப்பியை வைத்துக்கொண்டு, உறைய வைத்திருந்த பழைய அணுக்களைக் கார்குழலி மறுபடி ஓட்டிப் பார்த்தாள். திரையில் வந்ததைப் பார்த்து அவளுக்கு முதலில் வியர்த்தது, பிறகு சிரிப்பு வந்தது. ஏராளமாக இருப்பதாக எண்ணிய அடக்கும் அணுக்களில் பெரும்பகுதி அடக்கும் அணுக்களே அல்ல. வெறியேறிப் பாயக் காத்திருக்கும் அணுக்கள். மேலே தெரியும் அந்த அடையாளத்தை அவையும் பூசிக்கொள்ளும். யாருக்கு நோய் அடங்கிவிட்டது என்று உச்சிமாகாளி எழுதினாரோ, அவர்களுக்குத்தான் அது பொங்கிக்கொண்டிருந்தது.

மார்கழியில் சென்னையில் ஒரு பெரிய மாநாடு. உச்சிமாகாளி இதே கண்டுபிடிப்பைப் பற்றித்தான் பேசப்போகிறார். பேசி முடித்ததும் எழுந்து நின்று படத்தைக் காட்டினால் போதும். கார்குழலி வாயைத் திறக்கவில்லை. தினமும் அவருக்கு வணக்கம் சொன்னாள். எந்தப் புடவை கட்டிக்கொண்டு போவது என்பதுவரை யோசித்து வைத்தாள்.

ஐப்பசி மழையில் ஒருநாள், மருத்துவமனை வராந்தாவில் செங்கொடியைப் பார்த்தாள். திருவொற்றியூர்க்காரி, ராயபுரத்தில் இறால் கம்பெனியில் வேலை. ஆய்வுக்கு ஆரம்பத்திலிருந்து ரத்தம் கொடுத்து வந்தவர்களில் ஒருத்தி. முகம் உப்பியிருந்தது. செருப்பு வார் காலில் பதிந்து பள்ளம் விழுந்திருந்தது.

"இன்னாடி இது?"

"தெர்லக்கா. காலு வீங்கிக்கினே கீது. ஒண்ணுக்குப் போனா நொர நொரயா போவுது. பெரிய டாக்டரு, உன் ரத்தம் சூப்பரா கீது, இனிமே மாத்திர பாதி போதும்னாரே. ஆடி மாசத்துலேர்ந்து பாதிதான் துன்றேன்."

கார்குழலிக்கு விஷயம் புரிந்தது. உச்சிமாகாளி கட்டுரையோடு நிற்காமல், மாத்திரையைக் குறைத்தும் நலமாக இருக்கிறாள் என்று மேடையில் காட்டுவதற்காக ஆளையே தயார் செய்துவைத்திருக்கிறார். செங்கொடிதான் அந்த ஆள்.

மாநாட்டுக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. இப்போது சொன்னால் எல்லாம் முன்கூட்டியே வெளியே போய்விடும். இதை நினைத்தபடி அவள் வராந்தாவில் நின்ற நேரம் அதிகமில்லை. ஆனாலும் நின்றாள். பிறகு செங்கொடியின் கையைப் பிடித்து டாக்டர் ஜஹானாராவின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், புதுச் சாயத்தில் தெரிந்ததைச் சொன்னாள். நோயாளிகளை அன்றாடம் பார்ப்பது ஜஹானாராதான். மாத்திரையைக் குறைக்க வேண்டாம் என்று சொல்லித் தோற்றவளும் அவள்தான்.

அன்றைக்கே செங்கொடியைப் படுக்கையில் சேர்த்தார்கள். சிறுநீரகத்தில் நோய் இறங்கியிருந்தது.

மறுநாள் கார்குழலி கட்டிலருகே உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். செங்கொடி கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உனுக்கு எப்பக்கா தெரிஞ்சுது?"

"போன மாசம். உன் மாத்திரைய கொறச்சது தெரியாது. ஆனா கட்டுரை தப்புன்னு போன மாசமே தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லாம இருந்துகினியா?"

"ஆமா."

செங்கொடி கையை இழுத்துக்கொண்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கடைசியில் சொன்னாள்: "மொதல்ல அந்தாள வுடாத. உன்ன அப்பறம் வெச்சிக்கிறேன்."

எப்போது தெரியும் என்ற அந்தக் கேள்வி கார்குழலியை முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. தன்னைக் குத்தியது உச்சிமாகாளியையும் குத்தும் என்று வீட்டுக்குப் போகும் வழியில் அவளுக்குப் பட்டது.

உச்சிமாகாளி கூப்பிட்டனுப்பினார். ஜஹானாரா அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தாள்.

"என்னம்மா, புதுச் சாயம் போட்டுப் பாத்தியாமே? எங்க, காட்டு."

கார்குழலி படங்களை அடக்கமாக மேசைமேல் வைத்தாள். அவர் கண்கள் ஓடிய விதத்தைப் பார்த்தாள். மனுஷனுக்குக் கை நீளும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"சார், அமெரிக்காவுல ஒரு குழு ஆகஸ்ட்லயே இதப் பாத்துட்டாங்கன்னு பேசிக்கிறாங்க. நமக்கு முந்திட்டாங்க போலருக்கு." அதில் பாதி உண்மை, பாதி தூண்டிலில் கோத்த புழு.

அவர் படங்களை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார். "சரி, நீ போ. நான் பாத்துக்கிடுதேன்."

மாநாட்டு மண்டபத்தில் ஏசிக் குளிர் விறைக்க வைத்தது. ஜஹானாரா முன்வரிசையில் இருந்தாள். படுக்கையிலிருந்து எழுந்து சில நாள்களே ஆன செங்கொடி, வரக் கூடாது என்று சொல்லியும் கேட்காமல், கஞ்சி போட்ட புடவையில் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

உச்சிமாகாளி அழகாகப் பேசினார். பழைய முறையில் ஒரு குறை இருந்ததாகவும், அதைத் தானே கண்டுபிடித்துத் திருத்தியதாகவும் சொன்னார். கார்குழலியின் படங்கள் திரையில் வந்தன. "இதை நாங்கள் ஜூன் மாதமே பார்த்துவிட்டோம். வெளிநாட்டவர்களுக்கு முன்பே," என்றார். கைத்தட்டல் எழுந்தது.

கார்குழலி எழுந்தாள்.

"சார், ஜூன் மாசம்னு உறுதியா சொல்றீங்களா?"

யார் கேட்கிறார்கள் என்று பார்த்ததும் அவர் முகம் ஒரு கணம் இறுகியது. ஆனால் மண்டபமே காத்திருந்தது. "உறுதியாகத்தான்," என்றார்.

"அப்போ அந்த அணுக்கள் வெறியேறின அணுக்கள்னு உங்களுக்கு ஜூன்லயே தெரியும். தெரிஞ்சும் ஜூலையில ஒரு நோயாளிக்கு ஸ்டீராய்டை ஏன் சார் பாதியாக் கொறச்சீங்க? அவளுக்குக் கிட்னி கெட்டுப்போச்சு."

"அப்படி யாரும் இல்லை."

"கீறேன் சார்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. செங்கொடி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "நான்தான். ஆடி மாசம் நீங்கதான் கொறச்சீங்க."

ஜஹானாராவும் எழுந்தாள். "உண்மை. நான் வேண்டாம்னு சொன்னேன்."

உச்சிமாகாளி தண்ணீர்க் கோப்பையை எடுத்து, குடிக்காமலே கீழே வைத்தார். ஜூனில் தெரியாது என்றால் படங்கள் அவருடையவை அல்ல. தெரியும் என்றால் ஒரு பெண்ணை அறிந்தே காவு கொடுத்தவர். மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அந்தக் கணக்கு புரிந்தது. அவர் கார்குழலியைப் பார்த்தார், படித்த பேச்சு கழன்று, மண்டிக்கடைப் பேச்சு ஒலிவாங்கியில் விழுந்தது: "யாருகிட்ட பேசுதன்னு தெரியுதாட்டி ஒனக்கு?"

"தெரியும் சார்," என்றாள் கார்குழலி. அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்ததை அவள் ஆசைதீரப் பார்த்தாள்.

உச்சிமாகாளியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து விசாரணைக் குழு போட்டார்கள். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. கார்குழலிக்கும் சேதாரம் இல்லாமல் இல்லை. வழிகாட்டி போனதால் பதிவு ரத்தானது. மாதவரத்தில் ஒரு கால்நடை ஆய்வுக்கூடத்தில் மாட்டு ரத்தத்தோடு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. செங்கொடியின் சிறுநீரகம் பாதிதான் மீண்டது. ஐஸில் நின்று வேலை செய்ய முடியாது என்று கம்பெனியை விட்டாள். கார்குழலி பார்க்கப் போனால் உட்காரச் சொல்வாள், டீ கொடுப்பாள், முன்போல மனம்விட்டுப் பேச மாட்டாள். அது நியாயம்தான் என்று கார்குழலி எதுவும் கேட்காமலே போய் வந்துகொண்டிருந்தாள்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், உச்சிமாகாளி வியாசர்பாடி வீட்டுப் படியேறி வந்தார். இளைத்திருந்தார். கார்குழலியின் அம்மா பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"குழுவுல ஒரு வார்த்தை சொல்லும்மா," என்றார். "தேதியில ஏதோ கொழப்பம்னு சொன்னாப் போதும். பென்ஷனோட வெளிய போயிருவேன். எனக்கும் வயசாச்சு."

"செங்கொடி வூடு திருவொற்றியூர்ல கீது சார். அங்க போனீங்களா?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார்.

"தேதியில எந்தக் கொழப்பமும் இல்ல. நான் சொல்ல மாட்டேன்."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு சுவரைப் பிடித்தபடி படியிறங்கினார். பிள்ளைகள் பந்தை நிறுத்திவிட்டு அவருக்கு வழி விட்டார்கள்.

"பெரிய மனுசன், வூடு தேடி வந்து கேக்குறாரு. மனசு எறங்கலியாடி உனுக்கு?" என்றாள் அம்மா.

"எறங்கல," என்றாள் கார்குழலி. தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா வைத்திருந்த வஞ்சிர மீன் குழம்பை இரண்டாம் தரமும் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டாள்.